பத்தொன்பதாம் பிரிவை நான் வாசித்திருந்தேன்

1. இதை எழுதுபவன் உன் தகப்பன். வயது அறுபத்தொன்பது, வதிவிடம் நீ வளர்ந்த பென்டில் ஹில் வீடு. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு ஆண்டுகள் சட்டத்தரணியாகவும் காணி உறுதிகள் எழுதும் நொத்தாரிசாகவும் தொழில் புரிந்தவன். சிட்னியில் மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் மற்றவர்களுடைய விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன்.

2. இதை எவருடைய வற்புறுத்தலும் இன்றி, தெளிந்த நினைவுடன், என் கையாலேயே எழுதுகிறேன். என் கண்பார்வையில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் தொண்ணூற்றேழாம் ஆண்டிலும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. இந்த வாசகம் ஏன் தேவைப்பட்டது என்பது கீழே விளங்கும்.

3. கண்டதைக் கண்டதாகவும், ஊகித்ததை ஊகித்ததாகவும் எழுதியிருக்கிறேன். என் தரப்பு நியாயம் எங்கேனும் தலைகாட்டினால் அதை நீ பொருட்படுத்த வேண்டியதில்லை.

அன்புள்ள மகளுக்கு,

கடந்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது, மெல்பேர்னில், கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து உனக்கு வந்த வேலை ஒப்பந்தத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். மூன்று ஆண்டு ஆராய்ச்சிப் பதவி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "அப்பா, நீங்கள் வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டால் சைன் பண்ணுறன், வேண்டாம் எண்டால் விடுறன்" என்றாய். உனக்கு இருபத்தொன்பது வயது. இந்த மாநிலத்துப் பாலங்களின் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து நீ வைக்கும் கையொப்பத்தை நம்பித்தான் லொறிகள் ஓடுகின்றன. அப்படிப்பட்டவள், கைத்தொலைபேசி ஒப்பந்தத்தையும் வாடகை வீட்டுப் பத்திரத்தையும் பல் வைத்தியரின் சம்மதப் படிவத்தையும் கூட என்னிடம் கொண்டுவராமல் கையொப்பமிடுவதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நான் வாசிச்சால் ஏதாவது விட்டுப்போகும் அப்பா. எனக்கு அந்தக் கண் இல்லை" என்றாய். மனத்துக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன். இந்தக் கடிதத்தில் நான் எழுத வேண்டிய குற்றங்களில் அந்தப் பெருமையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்.

ஒப்பந்தத்தைச் சனிக்கிழமை பின்னேரமே வாசித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தரம் வாசித்தேன். அதில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எட்டாம் பிரிவு, முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்கிறது. எந்த வேலை ஒப்பந்தத்திலும் இருக்கும் பிரிவுதான். ஆனால் திங்கட்கிழமை காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்த்து நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்: "எட்டாம் பிரிவு கொஞ்சம் யோசிக்க வேண்டிய விசயம், பிள்ளை." அவ்வளவுதான். அதில் பொய் இல்லை. எந்தப் பிரிவும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விசயந்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் சொன்னால் நீ போகமாட்டாய் என்பதும், போகாததற்கு என்னிடம் காரணமும் கேட்கமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். சவரக் கத்தியைக் கீழே வைத்தேன். என் மகளை நான் எதற்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்பதை அன்று பாதி நுரையுடன் பார்த்தேன். அந்தப் பூட்டைப் போட்ட நாளைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டுக்குள் வரும் எந்தத் தாளும் முதலில் என் மேசைக்கு வரும். நான் அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து வாசிப்பேன். வாசித்து முடித்தால், கையொப்பம் வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி, குறுக்கு மறுக்காய் இரண்டு கோடு, போடுவேன். நீயும் அம்மாவும் அந்தப் புள்ளடியில் பேனா வைப்பீர்கள். மை காய்ந்ததும் நான் அழிறப்பரால் புள்ளடியை அழித்துவிடுவேன். குடிவரவுப் படிவங்கள் தொடங்கி உன் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவங்கள் வரை அப்படித்தான் நடந்தது. புதிய நாட்டில் ஒரு தாள் பிழையானாலும் ஆளே பிழையாகிவிடுவார் என்ற பயத்தில் தொடங்கிய வழக்கம். அது பாதுகாப்பு என்று நான் நினைத்தேன். உண்மையில், அந்த வீட்டில் என்னைத் தவிர எவரும் ஒரு தாளையும் வாசிக்கத் தேவையில்லாதபடி செய்துவிட்டேன்.

தொண்ணூற்றேழில் நீ பன்னிரண்டாம் ஆண்டில் படித்தபோது, பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் உனக்கு ஒரு விண்ணப்பம் தந்தார். மாநில அளவில் இளம் பெண்களுக்கான புலமைப்பரிசுப் போட்டி. பட்டமும் அங்கியும் மேடை நடையும் உண்டு. ஆனால் நேர்முகம், பொது அறிவு, பேச்சு, தனித்திறமை என்பவற்றுக்குத்தான் புள்ளிகள் அதிகம். வெல்பவளுக்கு ஒரு வருடத்துக்குப் பட்டம். பல்கலைக்கழகப் படிப்பு முடியும்வரை புலமைப்பரிசு. செய்தி இரண்டு நாளில் தெருவெல்லாம் பரவியது. பக்கத்து வீட்டு ஜெயமணி அன்ரி, மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, "என்ன சார், பொண்ண அழகிப் போட்டிக்கு அனுப்பறீங்களாமே? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார். புலமைப்பரிசுப் போட்டி என்று நான் திருத்தினேன். "ஆமா, புலமையத்தான் ரிப்பன் கட்டி நடக்க விடறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்தப் பேச்சு கோபம் தரவில்லை. என் கவலை வேறு. நீ அந்தப் போட்டிக்குப் போக விரும்பியது பட்டத்துக்காக அல்ல. கிளேட்டனில் உலோகப் பொறியியல் படிக்க வேண்டும், அதற்கு அங்கே தங்கிப் படிக்கும் வழி வேண்டும், அந்த வழி இந்தப் பரிசுதான் என்று நீ முடிவு செய்திருந்தாய். குசினிச் சுவரில் மெல்பேர்ன் ரயில் படம் ஒன்றைக்கூட ஒட்டி வைத்திருந்தாய்.

விண்ணப்பம் நாலு பக்கம். நிபந்தனைகள் கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருந்தன, மொத்தம் இருபத்திரண்டு. நான் எல்லாவற்றையும் வாசித்தேன். பத்தொன்பதாவது இப்படி இருந்தது: வெற்றி பெறுபவர் பட்டத்துக்குரிய ஆண்டு முழுவதும் இந்த மாநிலத்திலேயே வசிக்க வேண்டும், புலமைப்பரிசு இந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பதற்கு மட்டுமே வழங்கப்படும். போட்டியை நடத்திய சங்கத்தார் எதையும் மறைக்கவில்லை. தங்கள் மாநிலத்துக்காக நடத்தும் போட்டியில் அப்படி ஒரு நிபந்தனை இருப்பது இயல்பே. நான் அடிமட்டத்தை அந்த வரியின் கீழே வைத்து, மூன்று முறை வாசித்தேன். பிறகு இருபதாவதுக்கு நகர்த்தினேன். எல்லாம் வாசித்ததும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

நீ குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாய். "பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே அப்பா?" என்று கேட்டாய்.

"ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன். புள்ளடியைப் போட்டுத் தாளை உன் பக்கம் திருப்பினேன்.

நீ கையொப்பமிட்டாய். உனக்குப் பதினேழு வயது என்பதால் கீழே பெற்றோரின் சம்மதத்துக்கு நானும் கையொப்பமிட்டேன். "தாங்க்ஸ் அப்பா, யூ ஆர் த பெஸ்ட்" என்று சொல்லி என் தலைமயிரைக் குழப்பிவிட்டுப் போனாய். நான் அழிறப்பரை எடுத்தேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்திருக்கப் பழகிய தலைமுறை நாங்கள் என்று எழுதலாம், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அது என் காரணம் அல்ல. என் காரணம் அதைவிடச் சிறியது. உன் அம்மா யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியை. அந்த வேலையை விட்டு வரச் சொன்னவன் நான். இங்கேயும் கிடைக்கும் என்று சொன்னவனும் நான். கிடைக்கவில்லை. அதற்காக அவள் என்னை ஒரு நாளும் குறை கூறியதில்லை. அவள் சொல்லாமல் விட்ட அந்தக் குறைதான் வீட்டில் எல்லாப் பேச்சையும் மெல்லத் தின்றது. நீ வளர வளர நாங்கள் இருவரும் உன் மூலமாகவே பேசத் தொடங்கினோம். மூவரும் ஒரே குசினியில் நிற்கும்போதே, "சாப்பாடு ஆறுது எண்டு அப்பாவிட்டைச் சொல்லு" என்பாள் அவள். "வாறன் எண்டு சொல்லு" என்பேன் நான். நீ நடுவில் நின்று, ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரலில், "சாப்பாட்டு மேசைக்குச் செல்லும் அப்பா இன்னும் இரண்டு நிமிடத்தில் வந்து சேரும்" என்று அறிவிப்பாய். அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஒரே பகிடிக்கு ஒரே நேரத்தில் சிரிப்பதுதான் அந்த ஆண்டுகளில் எங்கள் தாம்பத்தியம். நீ மெல்பேர்னுக்குப் போனால் அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு நான் பத்தொன்பதாம் பிரிவைக் காவல் வைத்தேன்.

அதிலும் ஒரு சட்டத்தரணியின் தந்திரம் இருந்தது. நீ வெல்லமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெல்லாவிட்டால் அந்தப் பிரிவு செயலுக்கே வராது. செயலுக்கு வராத நிபந்தனையை ஏன் சொல்ல வேண்டும் என்று வாதாடினேன். வட்டாரப் போட்டியில் நீ வென்றபோது, மாநிலப் போட்டி இன்னும் இருக்கிறதே என்றேன். இறுதிப் போட்டி நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. அம்மா தன்னுடைய மயில்பச்சைக் காஞ்சிபுரத்தைப் பதினொரு ஊசி குத்தி உனக்கு உடுத்திவிட்டாள். மற்றப் பெண்கள் பாடினார்கள், பியானோ வாசித்தார்கள், ஒருத்தி குதிரையைப் பற்றிக் கவிதை சொன்னாள். நீ மேடை நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பென்டில் ஹில்லிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் காலை ரயிலை நாலு நிமிடத்தில் ஓட்டிக் காட்டினாய். அறிவிப்பாளர், பயணச்சீட்டுப் பரிசோதகர், நித்திரையில் தோளில் சாயும் மனிதர், வெங்காய விலைக்காகச் சண்டை பிடிக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியும் ஒரு தமிழ்நாட்டு அன்ரியும். நடுவர்களுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் மண்டபமே குலுங்கியது. எனக்கு முன் வரிசையில் இருந்த வெள்ளைக்கார மனிதர் கண்ணைத் துடைத்தார். கடைசியாக உன் பெயரைச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அம்மா எழுந்தாள். நான் எழவில்லை. உன் தோளில் வெற்றிப் பட்டியைப் போடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மகள் வென்றதற்குப் பயந்த தகப்பன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பட்டத்தை ஏற்பதாகத் தனியாக ஒரு தாள் தந்தார்கள். அதில் நீ கையொப்பமிட ஒரு வாரம் இருந்தது. அதிலும் புள்ளடி போட்டேன். தை மாதத்தில் கிளேட்டனிலிருந்து இடம் கிடைத்த கடிதம் வந்தது. நீ துள்ளிக்கொண்டு அந்தச் சங்கத்துப் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்தாய், மெல்பேர்ன் முகவரியைக் கொடுப்பதற்காக. அவர் மிகவும் பண்பாக, வருத்தத்துடன், நிபந்தனையை உனக்கு வாசித்துக் காட்டினார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். நீ "ஐ சீ, ஐ சீ" என்று இரண்டு முறை சொன்னாய். அந்த விண்ணப்பத்தின் பிரதியைத் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"அப்பா, இதிலை பத்தொன்பது எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் பாக்கேல்லையோ?"

நான் தாளை வாங்கி, முதன்முறை பார்ப்பவனைப் போலக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். "எழுத்து நல்லாச் சின்னனாய்க் கிடக்கு, பிள்ளை. என்ரை கண்ணிலை படேல்லைப் போல" என்றேன்.

பட்டத்தை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டாய். சட்டப்படி போகலாம். ஒரு கடிதம் எழுதினால் போதும். பட்டம் இரண்டாவதாக வந்த பெண்ணுக்குப் போயிருக்கும். கிளேட்டனில் படிக்க வேறு வழி தேடியிருக்கலாம். கடினம், ஆனால் முடியாததல்ல. இது அத்தனையும் எனக்குத் தெரியும். நான் சொன்னது வேறு. "போகலாம். ஆனால் கையெழுத்து வைச்சது நீ. வைக்க முந்தி நீயும் ஒருக்கால் வாசிச்சிருக்க வேணும்" என்றேன். மகளே, இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எழுதப்படுகிறது. பிரிவை மறைத்தது கோழைத்தனம். குற்றத்தை உன் தலையில் வைத்தது அதைவிடப் பெரியது. நீ அழவில்லை. என் தோளில் கை வைத்து, "பரவாயில்லை அப்பா. நானும் வாசிக்கேல்லைத்தானே" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய்.

அதோடும் விடவில்லை. அடுத்த வாரம் என்னைப் பரமற்றாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண் சோதிப்பித்தாய். சோதித்த இளைஞர், வயதுக்கு நல்ல பார்வை, இப்போதைய கண்ணாடியே போதும் என்றார். நீ விடவில்லை. "இவருக்குச் சின்ன எழுத்துத் தெரியிறேல்லை" என்று அவருடன் வாதாடினாய். நான் புதிய கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். தடித்த கறுப்பு விளிம்பு; நீ தெரிவு செய்தது. அதை ஆறு ஆண்டுகள் போட்டேன். ஒவ்வொரு காலையும் அதை மூக்கில் மாட்டும்போது நான் யார் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அது தண்டனை என்று சொல்லமாட்டேன். தண்டனையாக இருந்தால் நீ அறிந்திருக்க வேண்டும்.

பட்டத்து ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் உன்னை நான்தான் காரில் கூட்டிப் போனேன். கோல்பர்ன், பாதர்ஸ்ட், டபோ என்று ஊர் ஊராக, பட்டம் வென்றவள் தலைகாட்ட வேண்டிய நிகழ்ச்சிகளுக்கு. மலர்க் கண்காட்சிகள், முதியோர் இல்லங்கள், ஆட்டுக்குட்டிப் போட்டிகள். நாற்பது பாகை வெயிலில் ஒரு தகரக் கொட்டகையில் பட்டியுடன் நின்று பதினாலு பழக் கேக்குகளைச் சுவைத்து, பதினாலுக்கும் ஒரே அளவில் சிரித்தாய். வெல்லும் கேக்கை உன் வாய் அல்ல, அங்கிருந்த மூதாட்டிதான் முடிவு செய்தார் என்பது எனக்குத் தெரியும். வழி நெடுகப் பேசிக்கொண்டு போவோம். திரும்பும்போது ஹரிஸ் பார்க்கில் நிறுத்தி மசாலா தோசை சாப்பிடுவோம். அவை என் வாழ்நாளின் மிக மகிழ்ச்சியான சனிக்கிழமைகள். இதை நான் மறைக்கக் கூடாது. உனக்கு அவை எப்படி இருந்தன என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த ஆண்டின் நடுவில் எப்போதோ நீ குரல் மாற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய். சாப்பாடு ஆறுகிறது என்று அம்மா சொன்னால், "அப்பா, சாப்பாடு ஆறுதாம்" என்று உன் சொந்தக் குரலில் சொன்னாய். யாரும் சிரிக்கவில்லை. எதற்காக உன்னை மறித்து வைத்தேனோ அது அந்த வருடமே போய்விட்டது. மறித்தது மட்டும் மிஞ்சியது.

நீ உன் பாட்டுக்கு இங்கே படித்தாய், வேலை எடுத்தாய், பத்து நிமிடத் தூரத்தில் வீடும் எடுத்தாய். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எவரும் சொல்லலாம். ஆனால் நீ வாசிப்பதை நம்பாமல் விட்டாய். விட்டுப்போனது உன் கண்ணில் அல்ல, என் வாயில். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் முப்பத்தாறு ஆண்டு தொழில் செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் உன் தாளை வாசிக்கக் கொடுத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேளாதே. நீ கையொப்பமிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்றும் கேள். யாழ்ப்பாணத்தில் என்னிடம் காணி உறுதி எழுத வந்த ஒவ்வொருவரிடமும், சாட்சி வெளியாளாக இருக்க வேண்டும், விற்பவரின் தமையனைக் கொண்டு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியவன் நான். சொந்த மகளிடம் அதைச் சொல்லவில்லை. உன் தாள்கள் விடயத்தில் நான் ஒருபோதும் வெளியாளாக இருந்ததில்லை.

இந்த இடத்துடன் கடிதத்தை நேற்றுக் காலை முடித்திருந்தேன். இது வெறும் மன்னிப்புக் கேட்கும் கடிதமாகி, பின்னர் நானே அதை வேறு மாதிரி விளக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சாட்சிகளுடன் கையொப்பமிட நினைத்தேன். முதல் சாட்சியாக உன் அம்மாவைக் கேட்டேன். எங்கள் வீட்டில் இப்போது, நீ இல்லாதபோது, பேச்சு எவரையும் நோக்கிப் போவதில்லை. "தேத்தண்ணி வைச்சுக் கிடக்கு" என்று அவள் சுவருக்குச் சொல்லுவாள். "காணும், இப்ப வேண்டாம்" என்று நான் பேப்பருக்குச் சொல்லுவேன். அதனால் நானும் கடைசித் தாளை மேசையில் வைத்து, "ஒரு கையெழுத்து வேணும்" என்றேன். சாட்சி வைப்பவர் உள்ளடக்கத்தை வாசிக்க வேண்டியதில்லை, கையொப்பமிடுவதைப் பார்த்தால் போதும் என்றும் விளக்கினேன். அவள் மற்றத் தாள்களையும் கேட்டு வாங்கினாள். கதிரையை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, முதல் எண்ணிலிருந்து வாசித்தாள். ஒரு மணித்தியாலம் எடுத்திருக்கும். கணித ஆசிரியை விடைத்தாள் திருத்துவதைப் போலத் திரும்பிப் போய்ச் சில பக்கங்களை மறுபடியும் பார்த்தாள். பிறகு தாள்களை அடுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ" என்று என்னையே நேராகக் கூப்பிட்டாள். "நான் இதுக்குச் சாட்சி வைக்கேலாது."

"ஏன்?" என்று கேட்டேன்.

"சாட்சி எண்டால் வெளியாள் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். நான் வெளியாள் இல்லை. அண்டைக்கு அவள் குளிச்சுக்கொண்டு நிண்ட நேரம், நீங்கள் கிணத்துக்குள்ளை பாக்கிற மாதிரி ஒரே வரியைப் பாத்துக்கொண்டு இருந்தியள். பிறகு நீங்கள் எழும்பி வெளியிலை போன உடனை நான் வந்து எடுத்து வாசிச்சனான். பத்தொன்பதையும் வாசிச்சனான். நீங்கள் அவளுக்குச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். சொல்லேல்லை." தாள்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினாள். "எனக்குக் கோவம் வரேல்லை. அவள் போகமாட்டாள் எண்டு எனக்கு நிம்மதியாய்க் கிடந்தது, நானும் சொல்லேல்லை. அதுதான் நான் செய்தது."

பன்னிரண்டு ஆண்டுகள். ஒரே குற்றத்தை ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருந்திருக்கிறோம். "நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றேன். "ஆர் மூலமாய்ச் சொல்லுறது? அவள் மூலமாயோ?" என்று கேட்டாள். அதன் பிறகும் பேசினோம். உலையில் அரிசி குழைந்து போகும்வரை பேசினோம். அதை இங்கே எழுதவில்லை, அது உனக்குரியதல்ல. பல ஆண்டுகளுக்குப் பிறகு உன் கையில் தராமல் நாங்கள் வைத்துக்கொள்ளும் பேச்சு அது.

ஆகவே இந்தக் கடிதம் இப்போது இருவருடைய வாக்குமூலம். உன் ஒப்பந்தம் இத்துடன் வருகிறது. அதில் நாங்கள் எந்தக் குறியும் இடவில்லை. எட்டாம் பிரிவைப் பற்றி என் கருத்தைக் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். எடுத்தால் அம்மாதான் எடுப்பாள், என்னிடம் தரவும் மாட்டாள். நீயே வாசி. ஒரு வரி விளங்காவிட்டால் மறுபடியும் வாசி. போவதென்றாலும் இருப்பதென்றாலும் வெள்ளிக்கிழமை நீ அனுப்பும் பதில் உன்னுடையதாக இருக்கட்டும். எங்களை மன்னிப்பதா இல்லையா என்பதற்கு அப்படிக் காலக்கெடு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை நீ எங்களுக்காக வர வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருப்போம்.

மேலே எழுதப்பட்டவை உண்மை என்று உறுதி கூறி, பென்டில் ஹில்லில், புதன்கிழமை முற்பகல், எங்கள் குசினி மேசையில் கையொப்பமிட்டோம்.

(ஒப்பம்) உன் அப்பா

(ஒப்பம்) உன் அம்மா

சாட்சிகள், எங்கள் கையொப்பங்களை நேரில் கண்டதற்கு மட்டும். இருவரும் இதை வாசிக்கவில்லை. முதலாமவர் மளிகைக் கடை மர்சூக். "என்ன சேர், காணி வழக்கோ, கோட்டுக்குப் போகுதோ?" என்று கேட்டபோது, "கோட்டுக்கு இல்லை தம்பி, மகளுக்கு" என்று அம்மா பதில் சொன்னாள். இரண்டாமவர் பக்கத்து வீட்டு ஜெயமணி அன்ரி. கையொப்பமிட்டுவிட்டு, நாங்கள் இருவரும் ஒரே பேனாவைக் கைமாற்றியதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

1. முகம்மது மர்சூக், வணிகர்

2. ஜெயமணி ஆரோக்கியம், இல்லத்தரசி